ஜோடி பார்க்கிறவளின் மகள்

என் கண்ணைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்கிறேன் என்று எங்கள் கம்பெனி லைனில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆம்பூரில், குழந்தைகளுக்கான தோல் ஷூக்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருஷமாக ஜோடி பார்க்கிறேன். வெட்டி, தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்ட ஷூ, பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக வருவது என் மேஜைக்குத்தான். இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நிறம் ஒரு சாயல் மாறியிருக்கிறதா, ஒன்றில் தையல் மேலே ஏறி மற்றதில் கீழே இறங்கியிருக்கிறதா, குதிகால் உயரம் ஒன்றுதானா என்று பார்ப்பேன். பொருந்தவில்லை என்றால், குறை இருக்கிற இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். என் அம்பைக் கண்டால் சூப்பர்வைசரே எழுந்து வந்துவிடுவார்.

இதில் நானே கண்டுபிடித்த ஒரு வித்தை இருக்கிறது. மேஜைக்கு நேர் மேலே ஒரு டியூப் லைட் தொங்கும். பாலிஷ் போட்ட ஷூவின் முனையில் அந்த வெளிச்சம் சின்ன வெள்ளைக் கோடாக விழும். தோலை நேராக இழுத்து ஒட்டியிருந்தால் இரண்டு ஷூவிலும் கோடு ஒத்த இடத்தில் நிற்கும். ஒரு நூல் கோணினாலும் கோடு நகர்ந்துவிடும். அதனால் நான் ஷூவைப் பார்ப்பதே இல்லை, வெளிச்சம் எங்கே விழுந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அவர் ஷூவைத்தான் என் கண் பார்க்கும். வீட்டில் இதற்காக நான் வாங்காத கிண்டல் இல்லை.

இவ்வளவு கண்ணை வைத்துக்கொண்டும் என் வீட்டில் நடந்த ஒன்றை ஐந்து மாதம் பார்க்காமல் இருந்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் பெருமை பேசுவதில் நியாயம் இருக்கும்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை செய்கிறவர். அப்போது பஃபிங் பிரிவில் இருந்தார். பதப்படுத்திய தோலை உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துத் தேய்த்து வழவழப்பாக்குவது அந்த வேலை. தோல் தூசி மாவு போலப் பறக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல் எல்லாம் பழுப்பாக இருக்கும். அந்தப் பிரிவில் வேலை செய்கிற எல்லோருக்கும் இருமல் உண்டு. எங்கள் தெருவில் அதற்குப் பெயரே பஃபிங் இருமல். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொள்வார்கள். நெஞ்சில் தங்கிய தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த இருமலுக்காக யாரும் டாக்டரிடம் போனதில்லை. சட்டையில் தூசி ஒட்டுவதற்கு டாக்டரிடம் போவார்களா என்ன, அப்படித்தான் நினைத்தோம்.

அந்த வருஷம் தீபாவளி சமயத்தில் அவருக்கு இருமல் கொஞ்சம் ஜாஸ்தியாயிற்று. பொங்கலுக்குள் ஆள் இளைத்துவிட்டார். பேன்ட் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. அந்த பெல்ட்டை நான்தான் கம்பெனிக்கு எடுத்துப்போய், ஓட்டை போடுகிற பெண்ணிடம் கொடுத்து, அளந்து போட்டு வாங்கி வந்தேன். "வயசான காலத்துல ஹீரோ மாதிரி ஆய்ட்டு வர்றீங்க" என்று சிரித்துக்கொண்டே அவர் கையில் கொடுத்ததும் நான்தான்.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நாங்கள் வேலைக்குப் போகிற நேரத்தில், எங்கள் வீட்டுச் சொந்தக்காரரும் பக்கத்து வீட்டில் இருப்பவருமான பாயம்மா அவளைப் பார்த்துக்கொள்வார். மகளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. வாசலில் கிடக்கிற செருப்புகளையெல்லாம் எடுத்து வரிசையாக வைப்பாள். எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றித்தான் வைப்பாள். அவளுடைய அப்பா வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு தடுமாறினால் கைதட்டிச் சிரிப்பாள்.

மாசி மாதக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. தொட்டால் லேசாகச் சுடும், மறுநாள் விட்டுவிடும், அதற்கு மறுநாள் மறுபடி சுடும். தெருமுனை டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார். பிறகு காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்கொரு மருந்து. எதற்கெடுத்தாலும் சிணுங்கினாள். தூக்கினால் அழுகை, இறக்கிவிட்டாலும் அழுகை. பாயம்மா அவளை மசூதி வாசலுக்குத் தூக்கிப்போய், தொழுகை முடித்து வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொன்னார். நான் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அவள் செருப்பு அடுக்குவதை நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைக் கவனித்தேன். கவனித்தும், காய்ச்சல் பிள்ளை விளையாடாதுதானே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலுக்கு எதிரே அவளை மடியில் உட்கார வைத்து முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். பழக்கதோஷம்தான். வாசல் வெளிச்சம் வலது கண்ணில் கருவிழிக்கு நட்ட நடுவே ஒரு பொட்டாக இருந்தது. இடது கண்ணில் அந்தப் பொட்டு நடுவே இல்லை, வெளிப்பக்கமாக விலகி இருந்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்தேன், துணியால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பொட்டு நடுவுக்கு வரவே இல்லை. இடது கண் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது, ஒரு மயிரிழை அளவுக்கு.

"இங்க வந்து பாருங்க. பாப்பாக்கு ரெண்டு கண்ணும் சேரல" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இன்னா சேரல? தூக்கக் கலக்கம்டி. ஞாயித்துக்கெழம கூட உனக்கு ஜோடி பாக்கற வேலதானா?"

பாயம்மாவும் வந்து பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் சுட்டிக்காட்டிய பிறகு, "லேசா மாறுகண்ணு மாதிரி கீதும்மா. மாறுகண்ணு அதிர்ஷ்டம்னு சொல்வாங்க, பேஜார் ஆவாத" என்றார்.

நேற்று வரை இல்லாத அதிர்ஷ்டம் இன்றைக்கு எங்கிருந்து வரும்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஒட்டிய அம்பை லைனில் யாரும் பிய்த்துப் போட்டதில்லை. வீட்டில் மட்டும் எப்படிப் பிய்ப்பார்கள்? "நான் வேலூர் போறேன். வர்றதுன்னா வாங்க, இல்லன்னா நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பாதி வழியில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. லாரியைக் கண்டால் கத்துகிற பிள்ளை, பள்ளிகொண்டா தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முனகினாள். தூக்கக் கலக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே வந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் அதை விட்டார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் சின்ன வயது டாக்டரம்மா. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். காய்ச்சல், வாந்தி என்றதும் தலையை ஆட்டினார். அன்றைக்கு அந்த வரிசையில் நின்ற பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான். பேனா நகர்ந்துகொண்டே இருந்தது.

"டாக்டரம்மா, இந்தக் கண்ணும் அந்தக் கண்ணும் ஜோடி சேரல. நேத்து சேர்ந்துச்சு. இன்னிக்கி சேரல" என்றேன்.

பேனா நின்றது. "நேத்து சரியா இருந்துச்சுன்னு நல்லா தெரியுமா?"

"என் வேலையே அதுதான் மேடம்."

எழுந்து வந்து ஒரு சின்ன டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தார். நான் வாசல் வெளிச்சத்தில் பார்த்ததைத்தான் அவர் டார்ச்சில் பார்த்தார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு குழந்தையைப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே கை கொடுத்து மெதுவாகத் தூக்கினார். கழுத்து மடங்கவில்லை. தலையோடு தோளும் சேர்ந்து எழுந்தது. அதன் பிறகு எங்களை வரிசையில் உட்காரச் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. இரண்டு பேர் வந்தார்கள். எல்லாம் வேகமாக நடந்தது.

ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்தபடி அவர் கேட்டார். "வீட்ல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

"இல்ல மேடம்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. மனசார அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்போது இருமினார். டாக்டரம்மா நின்றுவிட்டார்.

"இது இன்னா?"

"அது பஃபிங் இருமல் மேடம். டேனரில வேல செய்றாரு. எங்க பக்கம் எல்லாருக்கும் இருக்கும்."

"எவ்ளோ நாளா?"

"தீபாவளிலேர்ந்து" என்றார் அவர்.

அது பங்குனி மாதம்.

"எடை கொறைஞ்சிருக்கா?"

என் கண் அவருடைய பெல்ட்டுக்குப் போனது. நான் போட்டுக்கொண்டு வந்த ஓட்டையையும் தாண்டி, ஆணியால் குத்திய இன்னொரு ஓட்டை அதில் இருந்தது. என்னிடம் சொல்லாமல் அவரே குத்திக்கொண்டது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பேனாவைப் பிடுங்கி நான் போட்டேன். ஸ்கேனும் எடுத்தார்கள். டி.பி. கிருமி. மூளையைச் சுற்றி இருக்கிற உறையைப் பிடித்திருக்கிறது, மூளைக்குள் நீர் சேர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அப்பாவின் நெஞ்சிலிருந்து இருமல் வழியாகக் காற்றில் வந்து, பிள்ளையின் மூச்சில் ஏறி, இரத்தத்தோடு தலைக்குப் போயிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நோயைத் தடுத்து நிறுத்துகிற சக்தி கம்மி என்பதால் இப்படி நடக்குமாம்.

"பொறந்தப்பவே டி.பி. வராம இருக்க ஊசி போட்டமே மேடம், தோள்ல தழும்பு இருக்குது பாருங்க" என்றேன்.

"அது போட்டது நல்லதுதான்மா. நெறைய பிள்ளைங்கள அது காப்பாத்துது. ஆனா வீட்டுக்குள்ளயே தெனமும் ஒருத்தர் இருமிட்டே இருந்தா, அதையும் மீறி வந்துடலாம்."

பிழைப்பாளா என்று கேட்டேன். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன். "பாக்கலாம். பொழச்சாலும் எப்டி இருப்பான்னு இப்போ சொல்ல முடியாது. நடக்கறது, பேசறது, பார்வை, புத்தி, இதுல எது திரும்ப வரும், எது வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க இன்னிக்கி வந்தீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என்கிட்ட இந்தக் கேள்வியக் கேட்டிருக்க மாட்டீங்க."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எங்களுக்குத் தலைக்கு வந்தது தலைக்கேதான் வந்தது. தலையில் சேர்ந்த நீரை வயிற்றுக்கு இறக்குவதற்காக, காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு குழாய் வைத்தார்கள். மொட்டைத் தலையும் கட்டுமாகக் கிடந்தாள். இடது கையும் காலும் அசையவில்லை. இரண்டு வாரம் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

என் வீட்டுக்காரரின் சளியில் கிருமி இருந்தது. அவருக்கும் அன்றே மருந்து ஆரம்பித்தார்கள். எனக்கும் பாயம்மா வீட்டு ஆட்களுக்கும் பரிசோதனை செய்தார்கள், யாருக்கும் இல்லை. அவர் முகமூடி போட்டுக்கொண்டு தாழ்வாரத்துக் கடைசியில், படிக்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சாப்பாடு வாங்கி வந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போவார். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பெல்ட்டை நினைத்தால் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பிவிடும். அவர் இருமினார், நான் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். யார் மேல் கோபப்படுவது?

சில வாரம் கழித்து, இனி அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது, பிள்ளையைத் தொடலாம் என்று சொன்னார்கள். அவர் தொடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் தொடவில்லை. பிள்ளை இந்த அறையில் இருந்தால் அவர் அந்த அறையில் இருந்தார். இவள் அப்போது கண்ணைத் திறந்து பார்ப்பாள், விழுங்குவாள், அவ்வளவுதான். ஒருநாள் காலை அவள் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"வாங்க இங்க. நீங்களே குடுங்க."

"வேணாம். என்னாலதான..."

"உங்களாலதான் வந்துச்சு. அதான் உங்கள குடுக்க சொல்றேன். நீங்க ஒரு ஓரமா உக்காந்து அழுதா அவ காலு வந்துடுமா?"

கடுமையாகத்தான் சொன்னேன். அதற்காக இதுவரை வருத்தப்பட்டதில்லை. அவர் வந்து அந்த மருந்தை வாங்கி அவள் வாயில் ஊற்றினார். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து மாத்திரை போடுவது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. முதலில் அவர் போடுவார், அவள் பார்ப்பாள், பிறகு அவள் குடிப்பாள். அந்த மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்த நாட்களில், அவள் கோர்த்துச் சொன்ன முதல் வாக்கியமே "அப்பா கலரு, என் கலரு ஒண்ணு" என்பதுதான். பாயம்மா வீடு வரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். நான் ஜோடி சரி என்று பாஸ் போட்டேன்.

அவருக்கு ஆறு மாதத்தில் மருந்து முடிந்துவிட்டது. அவளுக்கு ஒரு வருஷம். இங்கேதான் சிக்கல் வந்தது. அப்பா போடாமல் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? டேனரியில் நெஞ்சுத் தூசிக்காகத் தின்ற அதே வெல்லத்தை மாத்திரை அளவுக்கு உடைத்து, தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டார். தினமும் காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பெரிய கசப்பு போல அதை விழுங்கி, தண்ணீர் குடித்து, உடம்பை உதறிக் காட்டுவார். மீதி ஆறு மாதமும் அவள் ஒருநாள் கூடத் தவறாமல் மருந்து குடித்தாள். அந்த வெல்லம் உருப்படியாக ஒரு வேலை செய்தது என்றால் அது இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. கம்பெனி வேனில் வருகிற பெண் ஒருத்தி சொல்லித்தான் தெரியும். அவள் புருஷனும் அதே டேனரிதான். என் வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கப் போகும்போது எழுந்து நின்றாராம். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காத மனுஷன்.

"எனக்கு டி.பி. இருந்துச்சு. பஃபிங் இருமல்னு நெனச்சி சும்மா இருந்துட்டேன். என் பொண்ணு படுத்த படுக்கையாய்ட்டா. ரெண்டு வாரத்துக்கு மேல யாருக்கு இருமல் இருந்தாலும் சளி டெஸ்ட் பண்ணுங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரில டப்பா வாங்கியாந்திருக்கேன்" என்று சொல்லிப் பையைத் திறந்தாராம்.

பக்கத்தில் இருந்தவர் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாராம். இவர் உட்காரவில்லை, பையையும் மூடவில்லை. ஒவ்வொருவராக வந்து டப்பா வாங்கிக்கொண்டார்கள். தள்ளிப் போனவரும் ஒரு வாரம் கழித்து வந்து கேட்டாராம். அதில் ஒருவருக்கு நோய் இருந்தது. அவர் வீட்டில் கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்கு வராமல் இருக்க முன்கூட்டியே மருந்து கொடுத்தார்கள், வரவில்லை. வேனில் இதைக் கேட்டுவிட்டு அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரிக்குக் கறிக்குழம்பு வைத்தேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக நான் பெருமைப்பட்ட நாள் அது.

மகளுக்குக் கண் முதலில் சரியாயிற்று. குழாய் வைத்த சில மாதத்தில் இடது கண் தன் இடத்துக்கு வந்துவிட்டது. தினமும் காலையில் வாசலில் உட்கார வைத்து அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால்தான் படுத்தியது. வாரம் ஒருமுறை வேலூரில் பாகாயம் பக்கம் கை கால் பயிற்சிக்குக் கூட்டிப்போவோம். அவர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பாயம்மா பகலில் செய்வார், நான் சாயங்காலம் செய்வேன். மருந்து முடிகிற சமயத்தில் ஒரு காலை, என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பி வாசலில் தடுமாறினார். செருப்பு இடம் வலம் மாறிக் கிடந்தது. பின்னால் கைதட்டுகிற சத்தம். இடது கை சரியாகத் தட்டாது, வலது கை போய் இடது கையில் அடிக்கும். அவர் வேலைக்குப் போகாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அவளுக்கு எட்டு வயது, மூன்றாவது படிக்கிறாள். இடது காலை லேசாக இழுத்துத்தான் நடப்பாள். கணக்கு மட்டும் மெதுவாக வரும். வாய் மெதுவாக வராது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நீங்கள் சொல்லலாம். எனக்குக் கவலையில்லை.

நோய் வந்த கால் மற்றதைவிட மெதுவாகத்தான் வளரும் என்று பயிற்சி கொடுப்பவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். போன வருஷம் சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அணிவகுப்புப் பழகினார்கள். இவளும் பெயர் கொடுத்திருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை. நடக்கும்போது இடது ஷூ கழன்று பறந்துபோய் விழுந்திருக்கிறது. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இவள் திரும்பிப் போய் அதை எடுத்து மாட்டிக்கொண்டு வரிசையில் தன் இடத்தில் வந்து நின்றாளாம். சாயங்காலம் என்னிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் இல்லை.

"ஷூதான் சரியில்லம்மா. நான் சரியாதான் நடந்தேன்."

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். வலது ஒரு சைஸ், இடது அதைவிட ஒரு சைஸ் கம்மி, கறுப்புப் பள்ளி ஷூ, ஒரே ஒரு ஜோடி வேண்டும் என்றேன். அவர் மேனேஜரிடம் கேட்டு அனுமதி வாங்கினார். மாதிரி ஷூ செய்கிற அறையில் தோல் வெட்டினார்கள். எங்கள் லைனிலேயே தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டார்கள். யாருடைய ஷூ என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியாக அது என் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது மெஷின்களை விட்டுவிட்டு நாலைந்து பேர் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இப்போ இன்னா பண்ணுவ? ஒட்டு பாக்கலாம் அம்ப" என்றார் சூப்பர்வைசர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பொருந்தாத ஜோடி என் மேஜைக்கு வந்ததே இல்லை. கை தானாகச் சிவப்பு ஸ்டிக்கருக்குப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அளவை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். நிறம் சரி. குதிகால் சரி. வெளிச்சக் கோடு சரி. இடது ஷூவில் பக்கவாட்டுத் தையல் ஒரு நூல் மேலே ஏறியிருந்தது. அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பினேன். தைத்த பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் பொண்ணு ஷூவுக்குமா?" என்றாள். என் பொண்ணு ஷூ என்பதால்தான் என்றேன். பிரித்து, மறுபடி தைத்து வந்த பிறகுதான் பாஸ் போட்டேன்.

அன்று சாயங்காலம் பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஷூ கழன்ற கதையை மறந்தே போயிருப்பாள், சும்மா போட்டுக்கொண்டு நடக்கட்டும், கழலாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்பது என் எண்ணம். என் வீட்டுக்காரர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவள் ஷூக்களை வெளியே எடுத்தாள். காலில் போடவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சம் விழுகிற இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். குனிந்து பார்த்தாள். நான் மேஜையில் எப்படித் தலையைச் சாய்த்துப் பார்ப்பேனோ அப்படியே. அதை அவள் எங்கே பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குள் அவள் வந்ததே கிடையாது.

"இன்னாம்மா கம்பெனி உங்களுது? இது ஜோடியே இல்ல. இடது கம்மி."

டாக்டரம்மா அன்றைக்கு நான்கு விஷயம் சொன்னாரே, நடக்கறது, பேசறது, பார்வை, புத்தி என்று. எது வரும், எது வராது என்று யாராலும் சொல்ல முடியாது என்றாரே. வாசல் வரை தானே நடந்துபோய், அந்த நான்கும் திரும்பி வந்துவிட்டது என்று என் முகத்தில் அடித்த மாதிரி காட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அழாத நான், அவள் தலையை மொட்டையடித்தபோதும் அழாத நான், அன்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"ஏம்மா அழுவுற? திருப்பி அனுப்பிடு, வேற குடுப்பாங்க" என்றாள்.

"மொதல்ல போட்டுப் பாருடா" என்றார் அவளுடைய அப்பா.

உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். இடது கையால் ஷூவை அழுத்திப் பிடித்து, வலது கையால் பட்டையை இழுத்து மாட்டினாள். எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். இடது ஷூ கழலவில்லை. வாசலில் நின்று ஒருமுறை காலைத் தரையில் ஓங்கி வைத்தாள். அப்போதும் கழலவில்லை.

"சரியாதான் இருக்கு. ஆனா ஜோடி இல்ல, சொல்லிட்டேன்" என்றாள்.